அந்தோனியார் கொடுத்த மீன்

“அம்மா, நீங்கள் அப்பாவை ஏசினதுக்கு ஏன் கனடாச் சனம் ரோசாப்பூ அனுப்பினது?”

இதைக் கேட்டபோது நிதர்சனாவுக்கு ஏழு வயது. குசினிப் படியில் இருந்து பாணைத் தேநீரில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தாள். நியாயமான கேள்விதான். அப்பா அன்ரன் கூரையைப் பார்த்தான். அம்மா ஜெயரூபினி அடுப்பை ஊதினாள். அடுப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

நடந்தது இதுதான். ஜெயரூபினியின் தமக்கை தயாளினி ரொறன்ரோவில் இருக்கிறாள். அவள்தான் கைபேசி வாங்கி அனுப்பினாள். கோயில் திருவிழாவை நேரே பார்க்கலாமே என்று அதில் ரிக்ரொக் செயலியும் போட்டுக் கொடுத்தாள். பின்னேரங்களில் அக்காவை வீடியோவில் கூப்பிட்டு, போனைச் சீனி டின்னில் சாய்த்து வைத்துவிட்டு, மீன் வெட்டிக்கொண்டே கதைப்பது ஜெயரூபினியின் வழக்கம். அன்றைக்கு அவள் அமத்திய இடம் பிழைத்துவிட்டது. அக்காவுக்குப் போகவேண்டியது ரிக்ரொக்கில் லைவாகப் போனது.

அந்த நேரம் பார்த்து அன்ரன் கரையிலிருந்து வந்தான். கையில் ஒரு சின்னப் பை மீன். வாங்கிவரச் சொன்ன தேங்காய் இல்லை.

“இஞ்சாருங்கோ, தேங்காய் எங்க?”

“மறந்துபோனன்.”

“மறந்து போனீங்களோ? அப்ப நான் என்னத்தில குழம்பு வைக்கிறது? கடல் தண்ணியிலயோ? கடவுள் உங்களுக்குத் தலை எண்டு ஒண்டைத் தந்தது தொப்பி கொழுவவோங்கோ?”

ஜெயரூபினியின் ஏச்சில் ஒரு விசேசம் உண்டு. எவ்வளவு கோபம் வந்தாலும் அவள் புருசனுக்கு மரியாதை குறைக்கமாட்டாள். கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். அன்றைக்கு அது தேங்காயில் தொடங்கி, ஒழுகுகிற கூரைக்குப் போய், கடைசியில் அன்ரன் கயிறு இழுக்கிற கரைவலையின் சொந்தக்காரர் பேதுருச் சம்மாட்டியாரில் வந்து நின்றது.

“தவக்காலத்தில திருக்கை முள்ளுக் குத்திப் பதினெட்டு நாள் பாயில கிடந்தனீங்கள். உங்கட சம்மாட்டியார் ஒரு சூடை மீன் எண்டாலும் கொண்டந்து தந்தவரோ? படலையில மீன் கொழுவிப்போட்டுப் போனது ஆர்? அந்தோனியார்! பதினெட்டு நாளும் விடிய அந்தக் கோடியற்புதர்தான் எங்களுக்குச் சோறு போட்டவர். சம்மாட்டியாற்ற கை பூட்டுப் போட்ட அலுமாரி. திறப்பை அவர் எப்பவோ கடலில எறிஞ்சிட்டார்!”

இதை அவள் முழுமனதாக நம்பித்தான் சொன்னாள். அந்தப் பதினெட்டு நாளும் வேலிப் படலையில் மீன்பை தொங்கியது உண்மை. வைத்தவரை யாரும் காணவில்லை. அவள் அந்தோனியாரிடம் மன்றாடியிருந்தாள், மீன் வந்தது. வேறு யாரைச் சந்தேகிப்பது? செவ்வாய்க்கிழமை நவநாளில் எழுந்து நின்று சாட்சியமும் சொல்லியிருந்தாள்.

ஏச்சு முடிந்தபோது அன்ரன் தலையைச் சொறிந்தபடி, “தேங்காய் வாங்கிக்கொண்டு வாறன்” என்று போய்விட்டான். அப்போதுதான் அவள் போனைத் திரும்பிப் பார்த்தாள். அதில் அக்காவின் முகம் இல்லை. பார்க்கிறவர்கள் அனுப்பிய ரோசாப்பூக்கள் மேலே மேலே பறந்துகொண்டிருந்தன. நானூற்றுச் சொச்சம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். லண்டனிலிருந்து யாரோ எழுதியிருந்தார்: “அக்கா, நிப்பாட்டாதேங்கோ.”

அதோடு போயிருந்தால் காரியம் சின்னது. மாங்குளத்தில் சாருஜன் என்று ஒரு பிள்ளை யூரியூப் சனல் நடத்துகிறான். தகப்பனுக்கு ஏ-ஒன்பது வீதி ஓரத்தில் தேநீர்க்கடை. சாருஜனுக்கு ஒரு மோட்டார் சைக்கிளும் நல்ல மனதும் எதைக் கண்டாலும் அதற்குத் தலைப்பு யோசிக்கிற வியாதியும். அவன் அந்த லைவை எடுத்து, ‘மரியாதையாகக் கணவனைக் கிழிக்கும் முல்லைத்தீவு அக்கா’ என்று போட்டான். மூன்று நாளில் ஆறு லட்சம் பேர் பார்த்தார்கள்.

நாலாம் நாள் அன்ரன் கரைக்குப் போனான்.

கரைவலை இழுப்பது லேசான வேலை இல்லை. வள்ளத்தில் வலையைக் கொண்டுபோய்க் கடலில் அரைவட்டமாகப் போட்டு, அதன் இரண்டு கயிற்றையும் கரைக்குக் கொண்டுவருவார்கள். வடக்குக் கயிற்றில் பதினைந்து பேர், தெற்குக் கயிற்றில் பதினைந்து பேர். மணலில் குதியை ஊன்றிப் பின்பக்கமாக அடியெடுத்து வைத்து, இரண்டு மணித்தியாலம் இழுத்தால்தான் மீன் விழுகிற பையான வலையின் மடி கரை சேரும். அந்த இரண்டு மணித்தியாலமும் வாய் சும்மாதானே இருக்கும்.

“அன்ரன், தொப்பி கொழுவத் தலை கொண்டந்தனீரோங்கோ?”

“கடல் தண்ணியில குழம்பு வச்சால் உப்புப் போடத் தேவையில்லையாம், மெய்யோங்கோ?”

அன்ரன் அதையெல்லாம் தாங்கினான். அவனால் தாங்க முடியாமல் போனது பேதுருவின் மௌனம். மனிதர் வழமைபோல் தண்ணீரின் நிறத்தைப் பார்த்தபடி நின்றார். பங்கு பிரிக்கிறபோது அன்ரனின் குவியலில் பங்குக்கு மேலாக ஒரு பாரை மீனைப் போட்டார்.

வீட்டுக்கு வந்து அன்ரன் மீனைக் கீழே வைத்தான்.

“நாளையில இருந்து நான் கயிறு பிடிக்கப் போகன்.”

“வரவேண்டாம் எண்டவரோ?”

“சொல்லியிருந்தால் பறவாயில்லையே. ஒரு பாரை கூடப் போட்டவரப்பா. அதைத் தூக்கிக்கொண்டு வரேக்க எனக்கு உடம்பெல்லாம் கூசிச்சு. மீளக் குடியேறி வந்த வருசம் ஊருக்கு இருந்தது அவற்ற ஒரு வலைதான். அண்டைக்குத் தொட்டு அந்தக் கயிற்றில நிக்கிறன். நீ இதைத் தீர்க்குமட்டும் எந்த முகத்தோட கரைக்குப் போறது?”

ஜெயரூபினி வாய் திறக்க முதல் வேலிக்கு அங்காலிருந்து ஒரு குரல் வந்தது. பேதுருவின் மனைவி புனிதம். இடுப்பில் கை வைத்தபடி நின்றாள்.

“ஜெயரூபினி! உனக்கு அந்தோனியாரைப் பாக்கவேணுமோ? எங்கட வீட்டுக்கு வா. பின்னறையில சாரத்தோட படுத்திருக்கிறார். நாரிப்பிடிப்பாம், இடுப்பு நிமிர்த்த ஏலாதாம். எண்ணெய் பூசிவிட்டிட்டு வாறன்.”

“என்னக்கா சொல்லுறியள்?”

“விடிய நாலரைக்கு எழும்பி மீனைக் கட்டிக்கொண்டு பூனை மாதிரி நழுவுவார். நானெண்டால் மனிசனுக்கு இந்த வயதில எங்கயோ தொடுப்பாக்கும் எண்டு ஒருநாள் பின்னால வந்து பாத்தனான். வந்து பாத்தால், உன்ர படலை! நாய்க்கு எட்டாத உயரத்தில கட்டிப்போட்டு, கையெடுத்துக் கும்பிட்டிட்டு வாறார். ‘ஏனப்பா ஒளிச்சுச் செய்யிறியள்’ எண்டதுக்கு எனக்குத்தான் ஏச்சு. ‘வலக்கை செய்யிறது இடக்கைக்குத் தெரியக்கூடாது, நீயேன் வந்தனீ’ எண்டு. அந்த மீன் அவர் தன்ர வீட்டுக் கறிக்கு எடுக்கிற பங்கடி! பதினெட்டு நாளும் எங்கட வீட்டில பருப்பு. தவக்காலம் எங்களுக்கு இரட்டிப்பு!”

ஜெயரூபினி படலையைத் திரும்பிப் பார்த்தாள்.

“நான் அந்தோனியாருக்கு ஒரு கட்டு மெழுகுதிரி கொளுத்தினனான் அக்கா.”

“கொளுத்தினது வீணில்லை. உன்ர மூளை வெளிக்கட்டும் எண்டு அவரும் மன்றாடியிருப்பார்.”

அவள் அப்போதே பேதுருவிடம் போயிருக்கவேண்டும். நாலு வளவு தள்ளித்தான் வீடு. போய், “அண்ணை, பிழைவிட்டிட்டன்” என்று ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும். அவர் “சரி பிள்ளை, தேத்தண்ணி குடி” என்றிருப்பார். ஆனால் அவள் முதலில் அக்காவுக்கு எடுத்தாள். நல்ல எண்ணத்தில் செய்கிற பிழைகள் பெரும்பாலும் இப்படித்தான், யாரிடமாவது யோசனை கேட்பதில் தொடங்குகின்றன.

“ஆறு லட்சம் பேருக்கு முன்னால அந்த மனிசனைக் கேவலப்படுத்திப்போட்டு, வீட்டுக்குள்ள போய் மன்னிப்புக் கேக்கிறது நியாயமோ?” என்றாள் தயாளினி. “அவ்வளவு பேருக்கும் முன்னால கேளு.”

கேட்க நீதியாகத்தான் இருந்தது. சாருஜனும் அடுத்த நாளே வந்துவிட்டான், பிள்ளைக்கு ஒரு பிஸ்கற் பெட்டியோடும் பெரியவர்களுக்கு ஒரு சீப்புக் கதலியோடும். அன்ரன் முதல் நன்மைப் படத்துக்கு இருக்கிற பிள்ளை மாதிரிப் புதுச் சேட்டுப் போட்டுக் கதிரையில் விறைத்துப்போய் இருந்தான்.

“வணக்கம் உறவுகளே! இண்டைக்கு நாங்கள் வந்திருக்கிறது…”

ஜெயரூபினி நடிக்கவில்லை. படலையில் மீன் வைத்தது பேதுரு அண்ணைதான் என்றும், அவர் வீட்டில் பதினெட்டு நாளும் பருப்பு என்றும் சொல்லி உண்மையாகவே அழுதாள். சாருஜனுக்கும் கண் கலங்கியது. கலங்கிய கண்ணோடேயே மோட்டார் சைக்கிளில் தலைப்பு யோசித்துக்கொண்டு போனான்: ‘படலையில் வந்த அந்தோனியார்! வன்னியே கண்ணீரில்!’

அதைப் பதினொரு லட்சம் பேர் பார்த்தார்கள்.

சனிக்கிழமை விடியப் பேதுரு கரைக்கு வந்தபோது, வலை வைக்கிற ஓலை வாடிக்குப் பக்கத்தில் இரண்டு வான் வண்டிகள் நின்றன. வவுனியாவிலிருந்தும் கிளிநொச்சியிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் சனல்காரர் வந்திருந்தார்கள். நெளுக்குளத்திலிருந்து வந்த ஒரு பிள்ளையிடம் பொன்னாடை இருந்தது. தலைக்கு மேலே ட்ரோன் ஒன்று தும்பி மாதிரி இரைந்தது. சண்டைக்காலத்துப் பழக்கத்தில் பேதுரு வள்ளத்துக்குப் பக்கத்தில் குந்திவிட்டார். பிறகு எழும்பி மண்ணைத் தட்டினார். ஊரவர்கள் அதைக் காணாதவர்கள் மாதிரி நின்றார்கள்.

“ஐயா, அந்தப் பதினெட்டு நாளும் விடிய நடந்து போகேக்க உங்கட மனசில என்ன ஓடினது?”

“மீன் பழுதாகமுதல் அதுகள் எழும்பவேணும் எண்டு ஓடினது.”

“ஐயா, ஒருக்கா அந்தப் படலையில கட்டிக் காட்டுவீங்களோ?”

“அது அண்டைக்குக் கட்டியாச்சுத் தம்பி.”

வலை கடலில் கிடந்தது. இழுக்கத் தொடங்கினார்கள். அப்போதுதான் வந்தவர்களுக்கும் ஆசை வந்தது. கயிற்றைப் பிடித்தபடி படம் எடுத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! இருபத்துமூன்று பேரும் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்கள். வெயில் முகத்தில் விழுகிற பக்கம் வடக்கு. ஆகையால் எல்லாரும் வடக்குக் கயிற்றிலேயே பிடித்தார்கள்.

“தம்பிமார், பாதிப்பேர் தெற்கால போங்கோ! வலை சரியுது!” என்று பேதுரு கத்தினார்.

“சூப்பர் ஐயா! இன்னொருக்காச் சொல்லுங்கோ!” என்றான் ஒருவன் கமராவைத் திருப்பியபடி.

நல்ல உசார்ப் பிள்ளைகள். தங்கள் பாட்டில் இழுத்தார்கள். வடக்குப் பக்கம் முந்தி வர, வலை கோணலாகச் சரிந்து, ஊரில் எல்லாரும் விலத்தி இழுக்கிற இடத்துக்குப் போனது. சண்டைக்காலத்து இரும்பு ஒன்று அங்கே தண்ணீருக்கடியில் கிடக்கிறது. கயிறு ஒருமுறை விறைத்து, பிறகு சட்டென்று லேசானது. கயிற்றில் நின்ற பழைய ஆட்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் கையை விட்டார்கள். அந்த லேசு என்னவென்று அவர்களுக்குத் தெரியும்.

மடி கிழிந்து வந்தது. ஒரு மாடு புகுந்து போகிற அளவு ஓட்டை. மிஞ்சியது நாலு பெட்டி சூடையும் கொஞ்சம் கீளி மீனும்.

ஆனால் கடற்கரையில் ஒரு வழக்கு உண்டு. கயிற்றில் கை வைத்தவன் எவனாக இருந்தாலும் கறிக்கு மீன் கொடுத்துத்தான் அனுப்பவேண்டும். பேதுரு கொடுத்தார். இருபத்துமூன்று பேருக்கும் எண்ணிக் கொடுத்தார். வழமையான கயிற்றுக்காரருக்கு ஆளுக்கு ஒரு கைப்பிடி வந்தது.

அவர்களோடு வந்திருந்த சாருஜன் மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். “எனக்கு வேண்டாமையா.”

“கயிற்றில கை வச்சனீயெல்லே? பிடி. இல்லாட்டி வழக்குப் பிழைச்சுப்போம்.”

வாங்கினான். கமராவைப் பைக்குள் வைத்தான். அன்றைக்கே இரண்டு வீடியோவையும் தன் சனலில் இருந்து அழித்தான். அவற்றை எடுத்து மற்றவர்கள் போட்ட நாற்பது ஐம்பது அப்படியே கிடந்தன. அவனால் முடிந்தது அவ்வளவுதான். அவனைக் குறை சொல்லப்படாது.

விசயம் கேள்விப்பட்டு ஜெயரூபினியும் பின்னால் அன்ரனும் ஓடிவந்தபோது வான்கள் போய்விட்டன. பேதுரு கிழிந்த வலைமடியைத் தன் மடியில் வைத்துக்கொண்டு மணலில் குந்தியிருந்தார். தோளில் பொன்னாடை கிடந்தது. அதை எடுக்க மறந்துவிட்டார் போலும்.

“அண்ணை…”

“இரு பிள்ளை. நான் கோவமில்லை.” அவர் ஓட்டையைப் பார்த்தார். “முதல் வீடியோவில என்ர பேர் போச்சு. அது பறவாயில்லை. பேர் போகும், வரும். ரண்டாவதில என்ர புண்ணியம் போச்சு.”

சுற்றி நின்ற ஆட்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

“என்னட்ட என்ன கிடக்குப் பிள்ளை? சண்டைக்கால மனிசர் நாங்கள், மேல போகேக்கக் கணக்கில பெரிசா ஒண்டும் இல்லை. ஆருக்கும் தெரியாமல் அந்த ஒண்டைத்தான் ஒளிச்சுச் சேர்த்து வச்சனான். இவள் புனிதம் கண்டதிலயே பாதி போச்சு. மற்றப் பாதியைப் பதினொரு லட்சம் பேர் பாத்திட்டினம். இனி நான் போய் நிண்டால், ‘உனக்கு அங்கேயே போனில இதயம் குடுத்தாச்சு, பேதுரு. பிறகென்ன இஞ்ச வந்து கேக்கிறாய்’ எண்டுதானே ஆண்டவர் சொல்லுவார்?”

ஜெயரூபினி குனிந்து கிழிந்த மடியின் விளிம்பைத் தடவினாள்.

“மடி பொத்த ரண்டு கிழமை போம்,” என்றார் அவர், மற்றவர்களுக்கு. “நாளையிண்டைக்கு எல்லாரும் மடு மாதா திருநாளுக்கு வெளிக்கிடுறம். திரும்பிவந்து, இந்த நாரியோட நான் குந்தியிருந்து பொத்தி முடிக்கச் சோளகக் காத்தும் வலைக்காலமும் முடிஞ்சிடும். இந்த வருசம் இவ்வளவுதான் போல.”

முப்பது வீட்டுக்கு இவ்வளவுதான். திரும்பி நடந்து படலைக்குக் கிட்ட வந்ததும் அன்ரன் மெல்லச் சொன்னான்:

“தீர்க்கச் சொன்னனான். நல்லாத் தீர்த்திட்டாய்.”

பதின்மூன்றாம் திகதி ஊரே மடுவுக்கு வெளிக்கிட்டது. பாய், சட்டி, அரிசி, கோழி எல்லாவற்றையும் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றினார்கள். பேதுருவைப் புனிதம் ஒரு தலையணையோடு வான் வண்டியில் இருத்தினாள். ஜெயரூபினி மட்டும் வாசலில் நின்றாள்.

“நீங்கள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கோ. எனக்கு இந்தமுறை ஏலாது.”

“என்ன செய்யுது?” என்றான் அன்ரன்.

“ஒண்டும் செய்யேல்லை. மாதாவுக்கு நான் இஞ்ச இருந்து சொல்லுவன்.” பிறகு போனை எடுத்து அவன் சேட்டுப் பையில் வைத்தாள். “இதையும் கொண்டுபோங்கோ. அக்கா எடுத்தால் கோயிலைக் காட்டுங்கோ.”

“உனக்குப் போன்?”

“அதுக்கும் ஒருக்கா மடுவுக்குப் போக ஆசை இருக்கும்.”

வாகனங்களின் புழுதி அடங்கியதும் அவள் ஒரு போத்தல் தண்ணீரும் முந்தின நாள் அவித்த பிட்டும் எடுத்துக்கொண்டு கரைக்குப் போனாள். வாடிக்குள் வலையைத் தறப்பாளால் மூடியிருந்தார்கள். அவள் முள்ளிவாய்க்காலில் பிறந்தவள். ஒன்பது வயதில் தகப்பனின் வலையில் ஊசி பிடித்தவள். கலியாணத்துக்குப் பிறகு அந்த ஊசியைத் தொடவில்லை. இந்த ஊரில் வலை பொத்துவது ஆண்கள்.

முதல் நாள் முழுவதும் கிழிந்த விளிம்புகளை வெட்டிச் சீராக்கவே போனது. வாடியின் மூலையில் நைலோன் நூல் கட்டை கிடந்தது. நூலை ஊசியில் சுற்றி, வலைக் கண்ணுக்கு அளவாக ஒரு மட்டையைச் சீவி, ஒவ்வொரு கண்ணாகக் கட்டத் தொடங்கினாள். சோளகம் மணலை அள்ளி முகத்தில் அடித்தது. மத்தியானத்தில் ஓலைக்கூரை சூட்டில் நெறுநெறுத்தது. இரண்டாம் நாள் நூல் விரலை வெட்டியது. துணி சுற்றிக்கொண்டு கட்டினாள். முடிச்சுக்கு ஒரு அருள்நிறை மந்திரம் என்று தொடங்கினாள். பிறகு மந்திரம் பிந்தியும் முடிச்சு முந்தியும் போயின. மாதா அதைக் கணக்குப் பார்த்திருக்கமாட்டாள்.

மூன்றாம் நாள் பிற்பகல் ஓட்டை முக்கால்வாசி மூடியிருந்தது. கடல் வெளிச்சம் வலைக் கண்களுக்குள்ளால் வந்து அவள் மடியில் சின்னச் சின்ன வட்டமாக விழுந்தது. எவ்வளவு வடிவு! கை தன்பாட்டில் போனைத் தேடி இடுப்பைத் தடவியது. தடவிய கையைப் பார்த்து அவளுக்கே சிரிப்பு வந்தது. தனியே இருந்து வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு ஊசியை எடுத்தாள்.

நாலாம் நாள் முடிந்தது. வலையை முன்பு கிடந்த மாதிரியே மடித்து, தறப்பாளைப் போட்டு, கல்லையும் அதே மூலையில் வைத்தாள். வெட்டி எறிந்த நூல் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். பின்னேரம் அன்ரனும் பிள்ளையும் வந்தபோது சோறு காய்ச்சிக்கொண்டிருந்தாள். கையில் என்ன காயம் என்று நிதர்சனா கேட்டாள். மீன் முள்ளுப் பட்டது என்றாள்.

மறுநாள் விடியப் பேதுரு ஊசியும் நூலுமாக வாடிக்குத் தனியே வந்தார். தறப்பாளைத் தூக்கினார். மடியை இழுத்து விரித்தார். ஓட்டை இருந்த இடத்தைத் தேடிக் கொஞ்ச நேரம் தடவினார்.

புது நூலின் வெள்ளையில் கண்டுபிடித்தார். ஒவ்வொரு முடிச்சும் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கிய முடிச்சு. இந்த ஊர்க்காரர் ஒரு சுற்றோடு விடுவார்கள். தெற்கே முள்ளிவாய்க்கால் பக்கத்தில்தான் இரண்டு சுற்று. அவர் மணலில் மெல்லக் குந்தினார். ஒரு இடத்தில் நூலில் மண்ணிறமாகக் கறை இருந்தது. அதை எச்சில் தொட்டுச் சேட்டு நுனியால் துடைத்தார்.

தூரத்தில் கயிற்றுக்காரர் கதைத்துக்கொண்டு வருகிற சத்தம் கேட்டது.

பேதுரு அவசரமாக ஊசியை எடுத்தார். பொத்தத் தேவையே இல்லாத ஒரு கண்ணில் ஒரேயொரு முடிச்சுப் போட்டு, நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

“அட, மடி சரிவந்திட்டுது! ஆரண்ணை பொத்தினது?”

“ஏன், நான்தான்,” என்றார் பேதுரு, எழும்பி மண்ணைத் தட்டியபடி. “பாத்துக்கொண்டு நிக்காமல் வலையைத் தூக்குங்கோ. ஒராள் போய் அன்ரனைக் கூட்டிக்கொண்டு வாங்கோ, வடக்குக் கயிற்றுக்கு ஆள் காணாது.”